புள்ளி இல்லாத மகரம்

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் கடிதம் ஒன்று வந்தால், யார் எழுதியது என்று எவரும் முதலில் கேட்க மாட்டார்கள். ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், பிள்ளைப்பேறு, சடங்கு என்று ஏதோ ஒரு நல்ல சேதி. ஓரம் கறுத்திருந்தால் சாவு. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வைத்தே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு இந்த இரண்டு நிறமும் நன்றாகப் படிக்கத் தெரியும். அந்தப் படிப்புதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

இப்படிச் சொன்னால் என் மகன், "அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான்லா" என்று சிரிப்பான். சிரிக்கட்டும். அவனுடைய பெரியம்மா உயிரோடு இருந்துகொண்டே பல வருஷம் செத்தவளாக இருந்த கதையை நான் அவனுக்குச் சொன்னதில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், புக்கிட் காத்திலைத் தாண்டி உள்ளே இருந்தது. மலாக்கா டவுனுக்குப் போவதென்றால் ரப்பர் காட்டு வழியாக நடந்து மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க வேண்டும். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கியதும், சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே வாசல். வாசலில் துப்பாக்கியோடு ஒரு மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பொழுது சாய்ந்தால் வாசல் மூடிவிடும். காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிற எவரும் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் கோப்பித் தண்ணீரோடு போவார்கள். அதையும் திறந்து மோந்து பார்த்துத்தான் விடுவார்கள். "எம் புருஷங்கூட எஞ்சட்டிய இப்படி மோந்து பாத்ததில்ல" என்று அம்மா அந்தக் கான்ஸ்டபிள் முகத்துக்கு நேராகவே தமிழில் சொல்லிவிட்டுப் போவாள். அவனும் புரியாமல் சிரிப்பான். அப்போதெல்லாம் அம்மா நன்றாகச் சிரிப்பாள்.

அப்பா இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் அப்பாவைக் கடைசியாக ஏதோ ஓர் ஆற்றோரம் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் பார்க்கவே இல்லை என்றார். செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பு ஓரத்தோடு ஒரு காகிதமும் வரவில்லை. அதனால் அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது, தூரத்தில் புது ஆள் யாராவது நடந்து வந்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வாளியைத் தூக்குவாள். வருஷக்கணக்கில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். எனக்கு எரிச்சலாக வரும். அப்பா மேலும் எரிச்சல், அம்மா மேலும் எரிச்சல்.

அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார் எல்லா வகுப்பையும் மேய்த்துக்கொண்டிருந்ததால், எனக்கு எழுத்து வந்தது அக்காவின் சிலேட்டிலிருந்துதான். அவள் எழுதி வைத்ததன் மேலேயே பல்பத்தை ஓட்டி ஓட்டிப் பழகினேன். அவளுடைய சுழி, அவளுடைய கொம்பு, எல்லாம் அப்படியே எனக்கும் வந்துவிட்டது. யார் எழுதியது என்று வாத்தியாரே குழம்பிப் போவார்.

அதே தோட்டத்தில் வேலை செய்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். அத்தான் தொழிற்சங்கத்தில் இருந்தார். கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். அவசரகாலம் வந்ததும் பிடித்துக்கொண்டு போய், பல மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டு, ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். ஊர் என்றால் இந்தியா. அவராவது சின்ன வயதில் அங்கிருந்து வந்தவர். அக்கா இந்த லயத்தில் பிறந்து, மலாக்கா கடலைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள். கூடப் போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்டபோது, போகிறேன் என்றாள். அம்மா தடுக்கவில்லை.

"புருஷன் எங்க இருக்கான்னு தெரிஞ்சிருக்கறதே பெரிய கொடுப்பினைடி. நீ போ" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் கடிதங்கள் வரத் தொடங்கின. தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி. அடுத்த வரியிலேயே "இங்கு நாங்கள் நலம், அங்கு அம்மாவும் நீயும் நலமா" என்று இருக்கும். தேதி போட மாட்டாள். வெள்ளிக்கிழமை என்று மட்டும் போடுவாள். எந்த வெள்ளிக்கிழமை என்று கடிதம் கொண்டுவருகிற கப்பல்காரனுக்கே தெரியாது. அத்தானின் ஊரில் அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. "சந்தை என்று வாயில் வராமல், பாசார் எங்கே இருக்கிறது என்று கேட்டேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்னையும் அறியாமல் பேச்சில் லா வந்துவிடுகிறது. மாமியார் லா லா என்று பாடிக் காட்டுகிறாள். என்னை மலாயாக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே இவரை இந்தியாக்காரன் என்று துரத்தினார்கள் அல்லவா, இரண்டும் சரியாகப் போயிற்று" என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில், பால் ஸ்டோரின் நாற்றம்கூட ஞாபகத்துக்கு வந்து ஏங்க வைக்கிறது, நம்புவாயா என்று கேட்டிருந்தாள். அந்த நாற்றத்தை நான் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துகொண்டிருந்தேன்.

நான் படிப்பேன், அம்மா கேட்பாள். மறுபடியும் படி என்பாள். அக்கா சொன்னது எல்லாமே அம்மாவின் காதுக்கு என் குரலில்தான் போயிற்று. அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று ஒரு கடிதம் வந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். கப்பல் ஏறி வருவதற்கு அக்காவுக்கும் வழியில்லை, போய்ப் பார்ப்பதற்கு அம்மாவுக்கும் வழியில்லை. "அங்க யாரு அவளுக்கு வெந்நி வச்சுக் குடுப்பா" என்று தூங்குகிற என்னை எழுப்பிக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில் மலாக்காவிலிருந்து வந்த பஸ் ஒன்றைக் காட்டுக்காரர்கள் வழியில் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு எரித்துவிட்டார்கள். அணைக்க வந்தவர்கள் தபால் பையைப் பாதி கருகிய நிலையில் வெளியே எடுத்துப் போட்டார்கள். பையில் எங்கள் தோட்டத்துக்கு இருந்தது இரண்டே கடிதம். துரைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. பஸ் எரிந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதில் தபால் பை இருந்தது என்று லயத்தில் யாருக்கும் தெரியாது.

அன்று நான் புல் வெட்டும் கூட்டத்தோடு தூரத்தில் இருந்தேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அந்தக் கடிதத்தை அம்மாவின் கையில் கொடுத்தது பால் நிறுக்கிற ஸ்டோர் வாசலில், எல்லாருக்கும் முன்னால். மேல் ஓரம் முழுக்கக் கறுத்திருந்தது. மூலைகள் இல்லவே இல்லை. படித்துச் சொல்ல ஆள் வரும்வரை அதைக் கையில் வைத்திருக்க அம்மாவால் முடியவில்லை. சேதி கேட்டு நான் ஓடி வந்து சேர்ந்தபோது ஒப்பாரி தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கடிதத்தைக் கிழித்துக் கால்வாயில் போட்டாயிற்று.

"யாராவது படிச்சீங்களா?" என்று கத்தினேன். "செத்தது யாருன்னு பாத்தீங்களா?"

"பாக்க என்னடி இருக்கு?" என்றாள் அம்மா. "நெறமாசக்காரி. வேற யாரு சாவா?"

நான் கால்வாயில் இறங்கினேன். ஸ்டோரைக் கழுவிவிட்ட வெள்ளைத் தண்ணீர் முழங்கால்வரை ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு துண்டு கரையில் ஒட்டிக் கிடந்தது. மேல் ஓரத்துத் துண்டு. அதில் இரண்டு எழுத்துதான் மிச்சம்: ல, ம. மகரத்துக்கு மேலே புள்ளி இருந்ததா என்று தெரியவில்லை, அந்த இடம் கரியாகிவிட்டிருந்தது. மகரத்துக்குப் பக்கத்தில் கால் இருந்ததா என்றும் தெரியவில்லை, அங்கேதான் கிழிந்திருந்தது.

"நலம்! இது நலம்மா! அக்கா எப்பவும் மொத வரியில எழுதுவாளே!" என்று துண்டைத் தூக்கிக் காட்டினேன். பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொஞ்சம் எழுத்துத் தெரியும். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "காலமானாள்னு எழுதினாலும் இந்த ரெண்டு எழுத்தும் வரும்தானே ஆயா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தோன்றியதைச் சொன்னாள். அந்த ஒரு புள்ளிக்காக நான் எவ்வளவு அழுதேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மறுநாள் ஆபீசுக்குப் போய், கணக்கெழுதுகிற கிராணியைக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. "உது பஸ் எரிஞ்சதில கருகின பை பிள்ளை. துரையின்ர கடிதமும் உப்பிடித்தான் வந்தது. நான் மண்டோரிட்டச் சொல்லித்தானே குடுத்துவிட்டனான்" என்றார். மண்டோரிடம் ஓடினேன். "அவரு பேசற தமிழு எனக்கு எங்கலா வெளங்குது? தலைய ஆட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். இதை எல்லாம் மூச்சு வாங்க அம்மாவிடம் சொன்னேன். அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"நல்ல மனுஷன் கிராணி. நம்ம மனசு ஆறட்டுமேன்னு சொல்றாரு" என்றாள்.

நான் அன்றைக்கே அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். யாருக்கு என்று எழுதுவது? அன்புள்ள அக்காவுக்கு என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அவள் இல்லையென்றால், இல்லாதவள் பெயருக்கு மஞ்சள் தடவிய கடிதம் போய்ச் சேரும். அத்தானுக்கு என்று எழுதினால், நானே அவளைக் கொன்றதாக ஆகிவிடும். கடைசியில் அக்காவுக்கே எழுதினேன். நீ இருக்கிறாயா என்று ஒருத்தியைக் கேட்கவா முடியும்? நலமா என்றுதான் கேட்டேன். பிள்ளை என்ன பிள்ளை என்றும் கேட்டேன். அந்தக் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் பதினாறாம் நாள் வந்துவிட்டது.

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் காரியம் செய்ய வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். விடிந்ததும் குளித்து, பச்சரிசிச் சோறு வடித்து, எள்ளோடு வாழை இலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். வாசலில் கான்ஸ்டபிள் பொட்டலத்தைப் பிரித்தான்.

"சியாப்பா மாத்தி?" என்றான். யார் செத்தது என்று கேட்கிறான்.

"சாயா பூன்யா அனாக்" என்றாள் அம்மா. என் பிள்ளை.

அவன் முகம் மாறிவிட்டது. ஆனாலும் சோற்றை விட அவனுக்கு அதிகாரமில்லை. எள்ளைத் திருப்பிக் கொடுத்தான், சோற்றை எடுத்து வைத்துக்கொண்டான். டவுனில் இறங்கிக் கோதுமை மாவு வாங்கினோம். கடற்கரையில் காரியம் செய்து வைக்கிற பண்டாரம் தயங்கினார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் செய்கிற வழக்கம் இல்லையே, அதுவும் மாவில் பிண்டமா என்றார். "அங்க அவ மலாயாக்காரி. இங்க அவ இந்தியாக்காரன் பொண்டாட்டி. வேற யாரு சாமி செய்வா?" என்று அம்மா கேட்டாள். அவர் இலையை விரித்தார்.

நான் தலை முழுக மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடலில் முக்கினாள். உப்புத் தண்ணீர் குடித்து நான் இருமியபோது, அம்மா கரைப் பக்கம் திரும்பி, தூரத்தில் ஒரு கப்பல் போவதைப் பார்க்காமல் நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் அக்காவின் கடிதம் வந்தது. மூலைகளில் மஞ்சள், தலைப்பில் சுழி, முதல் வரியில் புள்ளி வைத்த நலம். பாப்பா முகம் பார்த்துச் சிரிக்கிறாள், பெண் பிறந்த சேதிக்கு நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே என்று கேட்டிருந்தாள். நான் ஆபீசிலிருந்து லயம்வரை கத்திக்கொண்டே ஓடினேன். பக்கத்து வீட்டு அத்தை மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினாள். அம்மா வீட்டு முன் திண்ணையான அஞ்சடியில் நின்றபடி முழுவதையும் கேட்டாள்.

"இது எப்ப எழுதினது?"

"வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு."

"முன்னாடி எழுதினது. கப்பல்ல தங்கிட்டு இப்ப வருது" என்று சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த கடிதத்தில் பாப்பா குப்புற விழுந்தாள். அதற்கடுத்ததில் தவழ்ந்தாள். அவற்றை என்ன செய்வது? "அவ மாமியா யாரையோ வச்சு எழுதறா. தாயில்லாப் புள்ள, நாம ஏதாவது அனுப்புவோம்னு" என்றாள் அம்மா. இது அக்காவின் கையெழுத்து என்று மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அம்மா என்னையே பார்த்தாள். "ஒங்கையெழுத்தும் இப்படித்தானே இருக்கும்? நீயே எழுதி நீயே படிச்சாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு அந்தக் கடிதத்தையும் என் பள்ளிக்கூட நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுழியில் வித்தியாசமில்லை, கொம்பில் வித்தியாசமில்லை. அத்தானோ மாமியாரோ வேறு யாரோ எழுதினால் இப்படி வருமா? வராது. நான் எழுதினால் வரும். சில நாள் காய்ச்சலில் கிடக்கும்போது எனக்கே சந்தேகம் தட்டியிருக்கிறது. அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், கடிதம் படிக்கிற என் குரல்தான் காதில் கேட்கும்.

லயத்தில் எல்லாரும் எங்களிடம் கொஞ்சம் ஒதுங்கினார்கள். கடிதம் வருகிற அன்று பக்கத்து வீட்டு அத்தை பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள். நான் வாசலில் நின்று படிப்பேன், அம்மா படிக்கு வெளியே நின்று கேட்பாள். வேண்டாம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. பாப்பாவுக்குப் பல் முளைத்தது, அம்மை போட்டது, பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடிந்ததும் கிணற்றடிக்குப் போவாள். ஈரத்தலையோடு வந்து அடுப்பு மூட்டுவாள்.

எங்கள் பக்கம் காட்டுக்காரர்கள் தொல்லை நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, ஊரடங்கையும் சோற்றுக் கட்டுப்பாட்டையும் எடுத்த அன்று லயமே கொண்டாடியது. அம்மா என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே சோறு வெளிய கொண்டு போலாமாம்லா. ஒருநா தஞ்சோங் கிளிங் போயி அவளுக்குச் சோத்துல பிண்டம் வச்சுட்டு வந்துருவோம். மாவுல வச்சது அவளுக்குப் பத்தல. பசி அடங்காமதான் எழுதிக்கிட்டே இருக்கா."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது எழுத முடியாது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வாய்க்கரிசி போடத் துடிக்கிற பேய் என்றுகூடச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஒங்கப்பாவுக்கு நான் காத்திருந்தத நீ பாத்தல்ல? தெனம் காலைல எந்திரிச்சு, இன்னிக்கி வருவாரு, இன்னிக்கி வருவாருன்னு. எனக்கு அது ஒருத்தருக்குத்தான்டி முடியும். இன்னொருத்தருக்கும் சேத்துக் காத்திருக்க எனக்கு ஒடம்புல தெம்பில்ல. இவளுக்கு அழுதேன், முழுகினேன், ஆறிப்போச்சு. இதையும் நீ கிளறாத."

அதற்குப் பிறகு நான் சண்டை போடவில்லை. கடற்கரைக்கும் போகவில்லை.

அங்கே அக்காவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. என் கடிதங்களில் அம்மா சொன்னதாக எதுவும் இருப்பதில்லை. என்ன எழுதுவேன்? அம்மா நலம் என்று மட்டும் எழுதுவேன். "அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட மாட்டாளா? பாப்பா பேர் என்ன என்றுகூட அவள் கேட்கவில்லையே. உண்மையைச் சொல். அம்மா இருக்கிறாளா?" என்று கேட்டாள். அடுத்த கடிதத்தில் அம்மாவின் கைநாட்டு ஒன்று வாங்கி அனுப்பு, அது போதும் என்று கெஞ்சியிருந்தாள். மசியும் காகிதமும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். "செத்தவளுக்குக் கைநாட்டு வச்சா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவா" என்று கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் நான் ஒருத்திதான். ஒருத்திக்கு இன்னொருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் என்னை நம்பவில்லை.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த பிறகு, அம்மாவைப் பார்த்தே தீர்வது என்று அக்கா கப்பல் ஏறினாள். அத்தானுக்கு வர அனுமதியில்லை. அக்காவுக்கும் பிள்ளைக்கும் கொஞ்ச நாள் தங்கிப் போக மட்டும் அனுமதி கிடைத்தது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி மலாக்கா டவுனில் குடியிருந்தேன். துறைமுகத்தில் போய் நின்றேன். இளைத்து, கறுத்து, புடவைக் கட்டுகூட மாறிப்போய், பேச்சில் ஒரு லா இல்லாமல் ஒரு பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னப் பெண்தான் அசல் என் அக்காவாக இருந்தாள்.

அக்கா முதலில் கேட்டது, "அம்மா இருக்காங்களா?" என்பதுதான். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். கருகிய கடிதம், கால்வாய், கடற்கரை எல்லாம். முதலில் சிரித்தாள். பெண் பிறந்த சேதியை நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவித்தான் அனுப்பினேன் என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் போனபோது அம்மா அஞ்சடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதலில் பிள்ளையைத்தான் பார்த்தாள். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து அவளை வாரி அணைத்துக்கொண்டாள். "எஞ்சாமி, ஆத்தா இல்லாம எப்படி வளந்தியோ" என்று ஓங்கி அழுதாள். பிள்ளை பயந்துபோய்த் தன் தாயைப் பார்த்தது. அப்போதுதான் அம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற மரியாதையோடு பேசினாள்.

"வாங்க. ஒக்காருங்க. மாப்ள ரெண்டாவதா கட்டிக்கிட்டது நீங்கதானா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாங்கம்மா" என்றாள்.

தனியாக இருக்கும்போது அக்காவைப் பிடித்து உலுக்கினேன். மச்சத்தைக் காட்டு, சின்ன வயசுக் கதையைச் சொல், கத்து, ஏதாவது செய் என்றேன். "என்ன சொல்லி என்ன? இன்னும் கொஞ்ச நாள்ல நான் கப்பல் ஏறணும்லா" என்றாள். லா திரும்பி வந்துவிட்டிருந்தது. "நான்தான்னு சொல்லிட்டுப் போனா, நாளைக்கே காத்திருக்க ஆரம்பிச்சிருவாங்க. அப்பாவுக்கும் எனக்கும் சேத்து. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன், வுடு."

அவள் அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்த நாட்கள் முழுவதும் அம்மா அக்காவிடம் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என் மகள் பாகற்காயைத் தொட மாட்டாள் என்றாள். இருட்டென்றால் பயம், இருந்தும் தங்கைக்குத் துணையாகக் கக்கூசுக்கு வருவாள் என்றாள். அவளுக்கு ஒரு நல்ல பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்ததில்லை என்றாள். உயிரோடு பக்கத்தில் இருந்த காலத்தில் அம்மா இதில் ஒரு வார்த்தைகூட அவளிடம் சொன்னதில்லை. அக்கா பாகற்காய்க் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "அப்புறம்?" என்று கேட்பாள். "பெத்தவ மாதிரி பாத்துக்கிறீங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று அம்மா அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்காவும் கும்பிட்டாள். நான் அம்மாவின் முகத்தை ஒவ்வொரு நாளும் துருவித் துருவிப் பார்த்தேன். தெரிந்துகொண்டாள் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. வாங்க, போங்க, சாப்பிடுங்க என்று ஒரு சொல்லிலும் மரியாதை குறையவில்லை.

புறப்படுகிற அன்று அம்மா மெயின் ரோடு வரைக்கும் வந்தாள். பேத்தியின் கன்னத்தைத் தடவித் தடவி முத்தமிட்டாள். பஸ் வந்து நின்றது. பிள்ளையை ஏற்றிவிட்டு அக்கா படியில் கால் வைத்தபோது, அம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பிடித்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சேந்ததும் கடுதாசி போடு" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. அக்கா உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போடுன்னா சொன்னாங்க? போடுங்கன்னு சொல்லல?"

"போடுன்னுதான் சொன்னாங்க."

"நீ நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்."

மலாக்கா போய்ச் சேரும்வரை அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும், கேட்டேன், கேட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.